நைரோபியின் வடக்கு யன்னல்

சென்ற மாதம் ஒரு ஞாயிறு பின்னேரம் ராஜன் தொலைபேசியில் அழைத்தான். லண்டனின் நகை வியாபாரத் தெருவான ஹட்டன் கார்டனில் நான் வேலை பார்த்த கடைசி ஐந்து ஆண்டுகளும் என் பக்கத்து மேசையில் இருந்தவன். இப்போது சொந்தமாக நிறக்கல் வியாபாரம் செய்கிறான்.

"அண்ணை, போன கிழமை கென்யாவில இருந்து ஒரு பொதி வாங்கினனாங்கள். ஒருத்தரும் போகேல்ல. எல்லாம் வட்ஸ்அப் வீடியோவிலதான்."

"என்ன வெளிச்சத்தில எடுத்தவங்கள்?"

"வெளிச்சமோ? அவங்கட கடை வெளிச்சம்தான். நீங்கள் இன்னும் அந்த ஹார்ட்லி மனிசியின்ர ஆள்தான் அண்ணை. பிடிக்காட்டி பதினாலு நாளுக்குள்ள திருப்பி அனுப்பலாம்."

"பதினாலு நாளோ?"

"ஓம். எழுத்தில இருக்கு. நீங்கள் உங்கட கதையை ஒருக்கா எழுதுங்கோவன், எங்கட பெடியள் வாசிக்கட்டும்."

அவன் வைத்த பிறகு பழைய நாட்குறிப்புகளை எடுத்துப் பார்த்தேன். 1984 முதல் வேலைநாள் ஒன்றுவிடாமல் எழுதியிருக்கிறேன். பெரும்பாலான பக்கங்களில் வானிலையும் ரயில் தாமதமும்தான் உண்டு. ராஜன் கேட்ட கதை 1989 பெப்ரவரிக்கு உரியது. எனக்குக் கிடைத்தது பதினான்கு நாளல்ல, ஒன்றேகால் மணித்தியாலம்.

யாழ்ப்பாணத்தில் இரசாயனவியல் படிப்பைப் பாதியில் விட்டு 83 கடைசியில் லண்டன் வந்தேன். முதலில் பெற்றோல் நிலையம், பிறகு வெம்பிளியில் ஒரு பலசரக்குக் கடை. அந்தக் கடைக்கு வந்துபோன ஒருவர் சொல்லி, ஹட்டன் கார்டனில் மூன்றாம் மாடியில் இருந்த ஒரு சிறு நிறுவனத்தில் கற்களைத் தரம் பிரிக்கும் வேலை கிடைத்தது. முதல் வருடம் அளவு பிரித்தேன். இரண்டாம் வருடம் நிறம் பிரித்தேன். மூன்றாம் வருடத்தில்தான் வெடிப்பும் கீறலும் பார்க்க விட்டார்கள். கற்றுக்கொண்டது அவ்வளவுதான்.

நிறுவனத்தை நடத்தியவர் மிஸிஸ் ஹார்ட்லி. கணவர் இறந்தபின் தனியே பொறுப்பேற்றவர். அவருடைய மேசை வடக்கு யன்னலை ஒட்டி இருந்தது. லண்டனில் வடக்கு யன்னலுக்குள் நேர்வெயில் புகுவது அரிது. அதனால் அங்கே வரும் வெளிச்சம் நாள் முழுவதும் ஒரே மாதிரி இருக்கும், கல்லின் நிறம் ஏமாற்றாது. காலை பத்து முதல் பிற்பகல் இரண்டு வரைதான் கல் பார்ப்பார். டிசம்பரில் பதினொன்று முதல் ஒன்று வரை. மழை இருண்டால் தொப்பியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்.

அவர் உடுத்தியது சாம்பல் நிறம் மட்டும். எங்களுக்கும் அதுவே சட்டம், அல்லது வெள்ளை. உடுப்பின் நிறம் கல்லில் விழும் என்பது காரணம். என் மனைவி தவமணி வாங்கித்தந்த சிவப்புச் சுவெற்றரை ஒரு நாள் போட்டுக்கொண்டு போனபோது, மிஸிஸ் ஹார்ட்லி கையிலிருந்த இடுக்கியை வைத்துவிட்டு, நான் அதைக் கழற்றும்வரை கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கல் பார்க்கும் முறை எப்போதும் ஒன்றுதான். புதிய வெள்ளைத் தாளை விரிப்பார். வெறும் தாளையே கொஞ்ச நேரம் பார்ப்பார். பிறகுதான் கற்களைக் கொட்டுவார். மூன்று குவியல். முதலாவது, அவர் வாங்கக்கூடியவை. இரண்டாவது, விலை இறங்கினால் வாங்கக்கூடியவை. மூன்றாவது, வாங்காதவை. பிரித்து முடிக்கும்வரை மூச்சு விடுவதுகூடக் கேட்காது.

இன்னொரு வழக்கத்தையும் சொல்லவேண்டும். வாங்குகிறவர் விலையைச் சொன்னதும் தரகர் அதை ஒரு துண்டில் எழுதிக் கற்பொதியோடு சேர்த்து மடித்து, ஒட்டுநாடா சுற்றுவார்; அதன் மேல் வாங்குகிறவர் கையெழுத்து வைப்பார். அதை முத்திரை என்போம். அதன்பின் கல்லின் உரிமையாளர் சரி அல்லது இல்லை என்று சொல்லும்வரை தரகர் அந்தப் பொதியை வேறு யாருக்கும் காட்டக்கூடாது. வாங்குகிறவரும் சொன்ன விலையை மாற்றக்கூடாது. இதை மீறிய ஒருவரைப் பற்றி எங்கள் தெருவில் கதை இருந்தது. யாரும் அவரோடு சண்டை பிடிக்கவில்லையாம். அவர் போகும் இடங்களில் அவருக்குத் தேநீர் கொடுப்பதை மட்டும் நிறுத்திவிட்டார்களாம்.

89 ஜனவரியில் மிஸிஸ் ஹார்ட்லிக்கு முழங்காலில் அறுவைச் சிகிச்சை. நைரோபிக்கு வருடம் ஒருமுறை போவது அவர்தான். அந்த வருடம் என்னைக் கூப்பிட்டார்.

"ஒரு பயணம், மிஸ்டர் நாதன். நீங்கள் கொண்டுவருவது நான் தெரிவு செய்யக்கூடிய கற்களாக இருந்தால் தொடர்ந்து போவீர்கள். இல்லாவிட்டால் தரம் பிரிக்கும் மேசை உங்களுக்காக அங்கேயே இருக்கும்."

பிறகு மூன்று கட்டளை தந்தார். முதல் நாள் கல் பார்க்காதே, நகரத்தில் நட. விமானத்தில் போன கண் நகரத்து வெளிச்சத்துக்குப் பழகவேண்டும். எந்தக் கட்டடத்தில் கல் பார்க்கப்போகிறாயோ அதை ஒருமுறை சுற்றி வா. கல்லுக்கு முதல் தாளைப் பார்.

வீட்டில் செய்தி சொன்ன அன்று தவமணி செவன் கிங்ஸில் இருக்கும் தன் தமக்கை வரை தொலைபேசியில் அழைத்து, "இவர் இப்ப பையர், கல் வாங்கப் போறவர்" என்று சொல்லிவிட்டாள். நான் இன்னும் இல்லை என்று பின்னால் நின்று கையசைத்தேன். அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

ஒரு திங்கட்கிழமை காலை நைரோபியில் இறங்கினேன். என்னிடம் இருந்தது கடவுச்சீட்டு அல்ல, அகதிகளுக்குத் தரும் பயணப் பத்திரம். அதிகாரி வெற்றுப் பக்கங்களையும் ஒவ்வொன்றாகப் புரட்டினார். "யாழ்ப்பாணத்தில் பிறந்து, லண்டனில் வாழ்ந்து, இங்கே கல் வாங்க வந்தீர்களா?" என்றார். ஆம் என்றேன். "நல்ல சுற்று" என்று முத்திரை குத்தினார்.

என்னை அழைத்துப் போக வந்தவர் பரமலிங்கம் மாஸ்டர். தவமணியின் ஊரவர், எழுபதுகளிலிருந்து அங்கே உயர்தரப் பாடசாலையில் புவியியல் படிப்பிக்கிறவர். செவ்வாய்க்கிழமை பாடசாலைக்கு லீவு போட்டுவிட்டு என்னை நடத்திக் காட்டினார். காலை எட்டரைக்குத் தொடங்கி மாலை நாலரை வரை நடந்தோம் என்று குறிப்பு சொல்கிறது.

புறப்படும் முன் நூலகத்தில் எடுத்து மூன்று பழைய பயண நூல்கள் வாசித்திருந்தேன். ரயில் பாதை போட்டவர்கள் சதுப்பு நிலத்தில் சாமான் இறக்கிய இடம் நகரமாகிவிட்டது என்பதுதான் அவற்றின் சாரம். மாஸ்டர் என்னை முதலில் ரயில் நிலையத்துக்கே கொண்டுபோனார். அங்கிருந்து மேற்காக ஏறினால் அரசாங்கக் கட்டடங்கள். கிழக்காக இறங்கினால் மத்தாத்து வேன்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கும் தெருக்கள். ஒவ்வொரு வேனின் வாசலிலும் தொங்கியபடி ஒருவன் ஊர்ப்பெயரைக் கத்தினான். சாலையோர வேல மரங்களில் ஆளுயர மராபூ நாரைகள் நின்றன. கீழே போகிறவர்கள் நிமிர்ந்து பார்க்காமலே அந்த மரங்களைச் சுற்றி நடந்தார்கள். ஏனென்று என் தோளில் விழுந்தபிறகு விளங்கியது.

"துடையாதையுங்கோ தம்பி, காயட்டும்," என்றார் மாஸ்டர். "நான் வந்த முதல் கிழமை எனக்குத் தலையில."

பியாஷரா தெருவில் குஜராத்திக் கடைகள் வரிசையாக இருந்தன. துணி, போர்வை, பித்தளைப் பாத்திரம். ஒரு கடையில் தமிழ்நாட்டுக் கைலிகூட இருந்தது. சுட்ட மரவள்ளிக்கிழங்கில் எலுமிச்சையும் மிளகாய்த்தூளும் தேய்த்து வாங்கித் தின்றோம். நகரம் உயரத்தில் இருப்பதால் சிறு ஏற்றத்துக்கும் எனக்கு மூச்சு வாங்கியது. மாஸ்டருக்கு மூச்சும் வாங்கவில்லை, பேச்சும் நிற்கவில்லை. ஊரில் யார் யாரைக் கட்டினார்கள், எந்தக் காணி யாருக்குப் போனது, கொழும்பில் யார் மாட்டிக்கொண்டார்கள். கல் பார்க்கப்போகும் கட்டடத்தின் முன்னால் நடந்துபோனபோது, "இதுதானே நீங்கள் சொன்ன முகவரி?" என்றார். ஓம் என்றேன். பேச்சு ஒரு கல்யாணக் கதையின் நடுவில் இருந்ததால் நாங்கள் நிற்காமலே போய்விட்டோம்.

புதன்கிழமை மத்தாத்து வேன் பழுதாகி நின்றது. பத்து மணிக்குப் போகவேண்டியவன் பத்தரைக்குத்தான் போய்ச் சேர்ந்தேன். கட்டடத்தைச் சுற்றி வர நேரம் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு நேரே படியேறினேன். கீழ்மாடியில் துணிக்கடை. முதல் மாடியில் ஒரு தையற்காரர். இரண்டாம் மாடியில் முதுவாவின் அறை.

முதுவா கல் தரகர். அறுபது வயதுக்கு மேல், முன்பு ரயில்வேயில் எழுதுவினைஞராக இருந்தவர். ஆங்கிலத்தை ஒவ்வொரு சொல்லாக நிறுத்திப் பேசுவார். "மிஸிஸ் ஹார்ட்லியின் முழங்கால் எப்படி?" என்பதுதான் முதல் கேள்வி. அவர் இங்கே ஒருநாளும் யன்னலருகே கல் பார்ப்பதில்லை, கதிரையை எங்கேயாவது இழுத்துக்கொண்டு போவார் என்று சிரித்தார். அந்தச் சொல் என் காதில் விழுந்தது, மனதில் விழவில்லை. ஏனென்றால் நான் சட்டைப்பையிலிருந்து சிறு திசைகாட்டியை எடுத்துப் பார்த்து, யன்னல் சரியாக வடக்கைப் பார்க்கிறது என்று மகிழ்ந்துகொண்டிருந்தேன். நேர்வெயில் இல்லை. லண்டனில் இருப்பதுபோலவே. நான் சாம்பல் நிறச் சட்டையும் போட்டிருந்தேன்.

தாளை விரித்த கையோடு கற்களைக் கொட்டினேன். நாற்பத்திரண்டு மாணிக்கக் கற்கள், பட்டை தீட்டியவை, எல்லாம் சிறியவை. நல்ல சிவப்பு. கென்யக் கற்களில் வழக்கமாகத் தெரியும் ஊதாச்சாயல் அவற்றில் இல்லை. ஒன்றரை மணித்தியாலம் லூப் என்ற சிறு பூதக்கண்ணாடியில் பார்த்தேன். வெடிப்பு இருந்தவற்றை முதுவாவிடம் சொல்லி அதற்கேற்ப விலையை வைத்தேன். அவர் துண்டில் எழுதினார், மடித்தார். நான் ஒட்டுநாடாவின் மேல் கையெழுத்து வைத்தேன். கற்களின் உரிமையாளர் வோய் என்ற ஊரில் இருந்தார். அடுத்த நாள் பதினொரு மணிக்கு அவரிடம் தொலைபேசியில் கேட்பதாக முதுவா சொன்னார்.

வியாழக்கிழமை பதினொரு மணிக்குப் போனேன். அறைத் தொலைபேசி வேலை செய்யவில்லை. தபால் நிலையத்துக்குப் போய்த்தான் பேசவேண்டும். முதுவா பெட்டகத்திலிருந்து முத்திரை வைத்த பொதியை எடுத்து என் முன்னால் தாளின் மேல் வைத்தார். "நான் வரும்வரை இது உங்களோடு இருக்கட்டும்" என்றார். அவருடைய வழக்கம் அது. தொப்பியை எடுத்தார், ஒருமுறை என்னைத் திரும்பிப் பார்த்தார், படியிறங்கினார். முதல் மாடியில் நின்று தையற்காரரோடு வெகுநேரம் கதைத்தது கேட்டது. அவசரம் இல்லாத மனிதர் என்று நினைத்தேன்.

அப்போது ஒரு முகில் வந்தது.

மேசையில் விரித்திருந்த தாள் நிறம் மாறியது. அதுவரை அது வெள்ளை என்றுதான் நினைத்திருந்தேன். முகில் மூடியதும் அது நீலம் கலந்த வெள்ளையானது. முகில் விலகியதும் மெல்லிய செம்மஞ்சள் ஏறியது. இன்னொரு முகில், மறுபடி வெள்ளை. எழுந்து யன்னலுக்கு வெளியே குனிந்து பார்த்தேன். எங்கள் யன்னலுக்குக் கீழே, எதிர்ப்பக்கக் கட்டடத்தின் கூரை சரிந்து கிடந்தது. மங்களூர் ஓடு. ஒவ்வொரு ஓடும் வெயிலில் பழுத்திருந்தது. என் யன்னலுக்குள் வந்தது வடக்கு வானத்தின் வெளிச்சமல்ல, அந்த ஓட்டின் வெளிச்சம். நாற்பத்திரண்டு கற்களுக்கும் நான் சிவப்புச் சுவெற்றர் போட்டுவிட்டுப் பார்த்திருக்கிறேன்.

பொதி முன்னால் இருந்தது. பிரித்துப் பார்த்தால் எவ்வளவு ஏமாந்தேன் என்று தெரியும். பிரிக்க முடியாது. எழுந்து படியிறங்கினால் தையற்காரரிடமே முதுவாவைப் பிடித்திருக்கலாம். அவருடைய சிரிப்பு இன்னும் கீழே கேட்டுக்கொண்டிருந்தது. பிடித்து என்ன சொல்வது? முத்திரை வைத்தபின் மனம் மாறிவிட்டது என்றா? முதல் பயணத்திலேயே மிஸிஸ் ஹார்ட்லியின் பெயரை அந்தத் தெருவில் கெடுத்தவன் ஆவேன். பேசாமல் இருந்தால் அந்தக் கற்களை அவர் முன்னால் கொட்டவேண்டும். தரம் பிரிக்கும் மேசை காத்திருக்கிறது. உரிமையாளர் மறுத்துவிடவேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். என் விலைக்கு அவர் மறுக்கமாட்டார் என்றும் தெரிந்தது.

கீழே சிரிப்பு நின்றது. கதவு சாத்தும் ஓசை கேட்டது. நான் கதிரையை விட்டு எழவில்லை.

பன்னிரண்டேகாலுக்கு முதுவா வந்தார். "சரி என்கிறார்கள்," என்றார், என் முகத்தைப் பார்த்தபடி. கையை நீட்டினேன். கை குலுக்கினோம்.

அன்று இராச்சாப்பாட்டுக்கு மாஸ்டர் வீடு. கதையைக் கேட்டுவிட்டு அவர் மேசையில் தோடம்பழத்தையும் மேசைவிளக்கையும் வைத்துக் காட்டினார்.

"இஞ்ச பாருங்கோ தம்பி. நாங்கள் இருக்கிறது பூமத்திய ரேகைக்குக் கிட்ட. மாசியில வெயில் எங்களுக்குத் தெற்கால நிக்கும். உங்கட யன்னல் வடக்கைப் பார்க்குது, சரி. ஆனா எதிர்க்கூரையின்ர இந்தப் பக்கச் சரிவு தெற்கைப் பார்க்குதல்லோ? முழு வெயிலும் அதிலதான். ஆனி ஆடியில வாங்கோ, எல்லாம் மறுவளம். உங்கட வடக்கு யன்னலுக்குள்ளயே வெயில் வரும்."

"இதை முந்தாநாள் சொல்லியிருக்கலாமே மாஸ்டர்!"

"எட்டு மணித்தியாலம் உங்களோட நடந்தனான். வெயிலைப் பற்றி ஒரு கேள்வி கேட்டனீங்களோ? தவமணியின்ர தமக்கையின்ர சம்பந்தத்தைப் பற்றித்தானே கேட்டுக்கொண்டு வந்தனீங்கள்."

மாஸ்டரின் மனைவி எனக்கு இன்னொரு அகப்பை சோறு போட்டார். சாப்பிட முடியவில்லை.

அடுத்த திங்கள் லண்டனில், பத்து மணிக்கு மிஸிஸ் ஹார்ட்லி ஊன்றுகோலோடு வந்தார். தாளை விரித்தார், பார்த்தார், கொட்டினார். பத்து நிமிடத்தில் முடிந்தது. முதல் குவியலில் ஏழு, இரண்டாவதில் பன்னிரண்டு, மூன்றாவதில் இருபத்துமூன்று. லண்டனின் வடக்கு வெளிச்சத்தில் பெரும்பாலானவை கத்தரிப்பூ நிறமாக இருந்தன.

"எதிரே என்ன இருந்தது?" என்றார்.

"ஓட்டுக் கூரை."

"எப்போது தெரிந்தது?"

"முத்திரைக்குப் பிறகு. பதில் வருவதற்கு முதல்."

இடுக்கியை அதன் உறையில் வைத்தார். "மேசைக்குப் போங்கள், மிஸ்டர் நாதன்."

தவமணியிடம் சொன்னபோது அவள் வேலைக்குப் போகச் சப்பாத்து போட்டுக்கொண்டிருந்தாள். "அப்ப அக்காவுக்கு என்னெண்டு சொல்லுறது?" என்றாள். பிறகு ஒரு சப்பாத்தோடு எழுந்து வந்து, "ஒண்டும் சொல்லத் தேவையில்லை. நாலு வரியம் இருந்து பழகின மேசைதானே," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மூன்று வருடம் மேசையில் இருந்தேன். நைரோபிக்கு வேறொருவர் போனார். பொறாமை இருந்தது என்று எழுதுவதில் வெட்கம் இல்லை. அவர் 91 முடிவில் அவுஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தார். மிஸிஸ் ஹார்ட்லியின் முழங்கால் தேறவேயில்லை. 92 ஜனவரியில், நிபந்தனை எதுவும் சொல்லாமல், விமானச் சீட்டை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

இந்த முறை மாஸ்டரிடம் சொல்லாமல் தனியே நடந்தேன். முதல் நாள் முழுவதும் நிழலைத்தான் பார்த்தேன். எந்தத் தெருவில் எப்போது விழுகிறது, எந்தச் சுவர் என்ன நிறம். முதுவாவின் கட்டடத்தை மூன்று முறை சுற்றினேன். இரண்டாம் மாடியின் பின்பக்கத் தாழ்வாரம் நிழலாக இருந்தது. எதிரே வெள்ளையடித்த சுவர். அடுத்த நாள் முதுவா கற்களை எடுக்கும்போது நான் மேசையின் ஒரு முனையைத் தூக்கினேன். அவர் ஒன்றும் கேட்காமல் மறுமுனையைத் தூக்க, தாழ்வாரத்துக்குக் கொண்டுபோனோம்.

"மிஸிஸ் ஹார்ட்லியும் இங்கேதான் வருவார்," என்றார், மேசையை வைத்துவிட்டு.

"ஏன் என்று போன முறை நீங்கள் சொல்லவில்லையே?"

"எனக்குக் கூரையைப் பற்றித் தெரியாது. அவருக்கு அந்த அறை புழுக்கம் என்று நினைத்தேன். ஆனால் உங்கள் முகம் எனக்குத் தெரிந்தது. தொப்பியை எடுத்தபோது நீங்கள் நன்றாக இருந்தீர்கள். திரும்பி வந்தபோது நோயாளி." எனக்குக் கதிரையை இழுத்து வைத்தார். "ரஃபிக்கி, தோழரே, நான் ஏன் தையற்காரரிடம் நின்று பேசுகிறேன் என்று நினைத்தீர்கள்?"

"நண்பர் என்று."

"அவரை எனக்குப் பிடிக்காது. உரிமையாளரிடம் விலையைச் சொல்லும்வரை ஒன்றும் முடிவில்லை. அதுதான் இங்கே வழக்கம். மனம் மாறுகிறவர் ஓடி வருவார், நாடாவை வெட்டுவோம், திரும்பப் பார்ப்போம். பாதிப் பேர் ஓடி வருவார்கள். உங்களுக்காக அன்று அந்தத் தையற்காரரின் மருமகனைப் பற்றி இருபது நிமிடம் கேட்டேன். நீங்கள் வரவில்லை."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியவில்லை. அவரும் சிரித்தார். மூன்று வருடம் என்று விரல்களைக் காட்டினேன். அவர் தலையில் கை வைத்தார்.

அன்று பார்த்தது பத்தொன்பது பச்சைக் கார்னெட் கற்கள். தாளை முதலில் பார்த்தேன். ஒரு முகில் வந்து போகும்வரை காத்திருந்து மறுபடி பார்த்தேன். மாறவில்லை. விலை சொன்னேன், முத்திரை வைத்தேன். முதுவா தொப்பியை எடுத்துக்கொண்டு இறங்கினார். தையற்காரரின் குரல் கேட்டது. நான் எழுந்து ஓடினேன்.

முதல் மாடியில் என்னைக் கண்டதும் முதுவாவின் முகம் வாடிவிட்டது. "நாடாவை வெட்டவா?"

"வேண்டாம். தபால் நிலையத்துக்கு நானும் வருகிறேன். போகும் வழியில் தேநீர் குடிப்போம். இந்த மனிதரிடமிருந்து உங்களைக் காப்பாற்ற வந்தேன்."

தையற்காரருக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும் என்பது அப்போதுதான் எனக்குத் தெரியவந்தது.

லண்டன் திரும்பிய திங்கட்கிழமை மழை. மிஸிஸ் ஹார்ட்லி வீட்டுக்குப் போய்விட்டார். செவ்வாய் பத்து மணிக்குத் தாளை விரித்தார். பத்தொன்பது கற்களையும் ஒவ்வொன்றாக எடுத்து, பார்த்து, ஒரே இடத்தில், முதல் குவியலாக வைத்தார். நான் தையற்காரரின் கதையைச் சொன்னேன். கேட்டாரா என்று தெரியவில்லை. கற்களை மடித்து இழுப்பறையில் வைத்துப் பூட்டியபின், சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் புரட்டினார்.

"ஜூனில் மறுபடி போகிறீர்கள், மிஸ்டர் நாதன்," என்றார். "வெயில் அப்போது மறுபக்கம் இருக்கும்."